இதோவுக்கு அப்புறம்

இல்லப்பா ஆர்னால்ட், மேடையில ஏறிப் பேசுறதெல்லாம் எனக்குச் சரியா வராது. நாடகத்தை டைரக்ட் பண்றவன் நீ, நீயே பேசிடு. நிக்காத, உக்காரு. இந்தக் கேசட்டையும் போட்டுடுறேன்.

நீ அனுப்பிச்ச புது ரெக்கார்டிங்கையா? கேட்டேன், கேட்டேன். காலையிலேர்ந்து வீட்ல அதேதான் ஓடுது. டானியலா என்னைவிட நல்லாத்தான் பாடுறா, சும்மா சொல்லல. இது தொண்ணூத்தாறுல நம்ம கோயில் செட்டு முதமுதல்ல ‘நங்கூரம்’ நாடகம் போட்டப்போ நான் பாடினது. மேல போறப்ப குரல் லேசா நடுங்குது பாரு. ரெண்டாயிரத்து ஒம்போதுல ஷாரன் பாடின சிடியில அந்த நடுக்கம் கெடையாது. ஆனா அவ அழுதுகிட்டே பாடுறா. கப்பல் வந்துடுச்சுன்னு புருஷனப் பாக்க ஓடுறவ எதுக்கு அழணும், சொல்லு? டானியலாவுக்கு அது புரிஞ்சிருக்கு.

இரு, இப்ப வருது. இதோ... ம், பாத்தியா? அஞ்சு செகண்டு நிறுத்தம். அப்புறம்தான் ‘வந்தேன்’னு வருது. ஷாரனும் அங்கதான் நிக்கிறா, டானியலாவும் அங்கதான். நோட்டேஷன் ஏது நம்மகிட்ட, எல்லாரும் இந்தக் கேசட்டக் கேட்டுத்தானே படிச்சீங்க.

ஆமா, சனங்க அழுவுறது அந்த எடத்துலதான், தெரியும். மேடையில உள்ளங்கையத் தூக்கிக் காட்டுறாங்களே, அதுவும் என்கிட்டேர்ந்து போனதுதான். ஸ்டூடியோவுல நான் தூக்குனத கோரஸ் பாடின ஜோசபின் பாத்துட்டு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டா. நான் வேணாம்னு சொல்லல. சொன்னா ஏன்னு கேப்பாங்க.

எப்படித் தோணுச்சா? தோணவெல்லாம் இல்லப்பா. கிளமெண்டியில கடை மாடியில ஒரு ஸ்டூடியோ. மூணு மணிக்கு நேரம் முடியுது, ஆறு டேக் கெட்டுப்போச்சு. ஏழாவது நல்லா வந்துகிட்டிருக்கு. ‘இதோ’ன்னு எடுக்குறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கொழுந்தன் நிக்கிறான். கையில எங்க வீட்டுக்காரரோட ஹெல்மெட்டு. அவருக்குப் பூன் லே தாண்டி ஷிப்யார்டுல வேலை. ஹெல்மெட்டப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

கையத் தூக்குனது பாட்டுக்கு இல்ல ஆர்னால்ட். அவனுக்கு. கொஞ்சம் இரு, முடிச்சிட்டு வந்துடுறேன்னு.

அதுக்கப்புறம் பாட்டு நாலு நிமிஷம். பாடினேன். நல்லாவும் பாடினேன், அதத்தான் என்னால இன்னும் தாங்க முடியல. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தா, அவரு போயி மூணு நிமிஷம் ஆச்சுங்குறாங்க. என்னையே கேட்டுகிட்டு இருந்தாராம். வந்துகிட்டிருக்காங்கன்னு நர்ஸ் சொன்னாங்களாம்.

மூணு ரெக்கார்டிங்கையும் மாத்தி மாத்திப் போட்டுக் கேக்குறேன். யாரு பாடினாலும் அந்த அஞ்சு செகண்டுல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நிக்கிறான், ஹெல்மெட்ட வச்சுகிட்டு.

அய்ய, நீ எதுக்குக் கண்ணத் தொடைக்கிற, டீயக் குடி. சனிக்கிழமை வர்றேன், கடைசி வரிசையில உக்காந்து கேக்குறேன். டானியலாகிட்ட மட்டும் சொல்லிடு. அங்க நிக்க வேணாம், கையத் தூக்க வேணாம். ஒருத்தியாவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்.