மிச்சத்தில் பாதி

மலை மேலிருக்கும் ஒண்டிக்கடையில் சேலம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கட்டடக் காண்ட்ராக்டர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"வேண்டாம்னு சொல்ல ஒருத்தருக்குமே மனசு வராத காண்ட்ராக்ட் புள்ள இது," என்றார் அவர்.

"எனக்கு வெளங்கலீங்க."

"லாட்ஜ் கட்ட இதுக்கு மேல கெடையாதுன்னு ஒரு தொகை பேசியிருக்குது. அதுக்குள்ள முடிச்சா, மிச்சத்துல ஓனருக்குப் பாதி, எனக்குப் பாதி. தாண்டினா அத்தனையும் என் தலையில. அஸ்திவாரம் தோண்டறப்பப் பாறை வந்து செலவை நொம்ப இழுத்துருச்சு. கீழ்ப்பக்கம் மண்ணைத் தாங்கற செவுரை மெல்லிசா எழுப்பினா, தொகைக்குள்ள முடிஞ்சு மிச்சமே வரும். ஓனரும் சரின்னுட்டார்."

"அந்தச் செவுத்துக்குக் கீழ ஊடுக இருக்குதுங்களே?"

"எஸ்டேட் ஆளுக குடியிருக்கற லைன் ஊடுக."

"மண்ணு சரிஞ்சு விழுந்தா, அதையும் பாதிப் பாதியா வாங்கிக்குவீங்களா, ரெண்டு பேரும்?"

பஸ் இரண்டு வளைவு இறங்கிய பிறகு அவர் போனை எடுத்தார்.

"மேஸ்திரி, செவுரு பழைய பிளான்படியே வரட்டுமுங்க. ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன்."

போனைப் பையில் போட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"தொகை தாண்டீரும் புள்ள. நம்ம ஊட்டை வித்துத்தான் வேலைய முடிச்சுக் குடுக்கோணும்."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"நம்ம ஊடு போறப்ப நாம உள்ள இருக்க மாட்டமுங்க."