பஸ்ஸுக்குக் காத்திருந்த ஆணையம்

தொப்பிக்காரர்: கொஞ்சம் தள்ளி உட்காருங்கய்யா. பெஞ்சு முழுக்க நீங்களே உட்கார்ந்துட்டா நான் எங்க போறது?

கண்ணாடிக்காரர்: மறுபடியும் 'ஐயா'வா? காலையிலேயே சொன்னேனே. இந்த பஸ் ஸ்டாப்புல நான் அண்ணன், நீங்க தம்பி.

தொப்பிக்காரர்: வாயில வரமாட்டேங்குதுங்கய்யா. ஜட்ஜைப் பார்த்தா விறைச்சு நின்னே பழகின உடம்பு.

கண்ணாடிக்காரர்: மெதுவா! ஜட்ஜுன்னு ஊருக்கெல்லாம் தமுக்கு அடிங்க.

தொப்பிக்காரர்: யாரு இருக்கா இங்க? ஒரு நாய். அதுவும் தூங்குது.

கண்ணாடிக்காரர்: நாய்க்கு இருக்கற நிம்மதிகூட நமக்கு இல்லை. திறந்து ரெண்டு மாசம் ஆச்சு... மனித உரிமை ஆணையம்னு இவ்வளவு பெரிய பேர்ப்பலகை... ஒரே ஒரு புகார் வந்ததா?

தொப்பிக்காரர்: நீங்கதானே பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னீங்க, ஜனங்க நிம்மதியா இருக்காங்கன்னு?

கண்ணாடிக்காரர்: சொன்னேன். என் பேத்தியே சிரிச்சுட்டா. "தாத்தா, கடையில கூட்டம் இல்லைன்னா ஊர்ல யாருக்கும் பசிக்கலைன்னு அர்த்தமா?"ன்னு கேட்டா.

தொப்பிக்காரர்: அதான் ராத்திரி முழுக்கத் தூங்காம எனக்கு போன் பண்ணீங்களா? "வாங்க, நம்ம ஆபீசை நாமே எதிர்ல உட்கார்ந்து வேவு பார்ப்போம்"னு...

கண்ணாடிக்காரர்: வேவு உங்க தொழில் ஆச்சே. நான் வெறும் துணைக்கு. அதோ பாருங்க... நீலச் சட்டை.

தொப்பிக்காரர்: பார்த்துட்டுத்தான் இருக்கேன். கேட் வரைக்கும் வந்தான். நம்ம மூணு பேர் படம் மாட்டின போர்டு முன்னாடி நிக்கறான். படிக்கறான்... தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. உறுப்பினர், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. உறுப்பினர், ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்... போச்சு. திரும்பிட்டான்.

கண்ணாடிக்காரர்: உங்க படத்தைப் பார்த்துத்தான்.

தொப்பிக்காரர்: என் படத்துக்கு என்ன குறைச்சல்? தொப்பிகூட இல்லாம, வழுக்கை தெரிய, சிரிச்சுக்கிட்டுத்தானே எடுத்துக்கிட்டேன்?

கண்ணாடிக்காரர்: நீங்க சிரிச்சீங்க. மீசை சிரிக்கலையே.

தொப்பிக்காரர்: உங்க படம் மட்டும் என்னவாம்? பார்த்தாலே வாய்தா கொடுத்துடுவீங்களோன்னு இருக்கு.

கண்ணாடிக்காரர்: சரி சரி. கேட்ல அந்த ரிஜிஸ்தர் வெச்சது யாரு? பேரு, அப்பா பேரு, விலாசம்... அதோட உடம்புல அங்க அடையாளம்! புகார் கொடுக்க வர்றவனுக்கு எதுக்கய்யா மச்சம்?

தொப்பிக்காரர்: பழக்கங்கய்யா. பேருக்குப் பக்கத்துல மச்சம் இல்லைன்னா எனக்குக் கை ஓடாது. நம்ம டாக்டரம்மா மட்டும் சும்மாவா? வர்றவங்களுக்கு டோக்கன், வாசல்லயே ரத்த அழுத்தம்...

கண்ணாடிக்காரர்: போன வாரம் வழி கேட்க வந்தவரைப் பிடிச்சு நாக்கை நீட்டச் சொன்னாங்களே!

தொப்பிக்காரர்: அவர் இப்ப மாத்திரை சாப்பிடறார். ஏங்கய்யா, நானும் கேட்கணும்னு இருந்தேன். விசாரணை ஹால்ல முதல் வாரம் நாற்காலிங்க இருந்துச்சு. இப்ப நம்ம மூணு பேர் நாற்காலி மட்டும் மேடை மேல இருக்கு. மத்ததெல்லாம் எங்க?

கண்ணாடிக்காரர்: எனக்கென்ன தெரியும்... பெயிண்ட் அடிக்க எடுத்திருப்பாங்க.

தொப்பிக்காரர்: ரெண்டு மாசமாவா பெயிண்ட் அடிக்கறாங்க?

கண்ணாடிக்காரர்: உஷ்... யாரோ வர்றாங்க. இங்கதான் வர்றாங்க. தொப்பியைக் கீழே இழுங்க.

பைக்காரப் பெண்: இங்க உட்காரலாமாங்க?

தொப்பிக்காரர்: தாராளமா உட்காரும்மா. எங்கிருந்து வர்றே? கூட யாரும் வரலையா? பையில என்ன?

கண்ணாடிக்காரர்: தம்பி!

தொப்பிக்காரர்: சும்மா... ஒரு பேச்சுக்கு.

பைக்காரப் பெண்: மத்தியானச் சாப்பாடு. பிரிச்சுக் காட்டவா?

தொப்பிக்காரர்: ஐயோ, வேண்டாம்மா.

பைக்காரப் பெண்: அப்பாடா... உட்கார்றது எவ்வளவு சுகம்! நீங்க ரெண்டு பேரும் எந்த பஸ்ஸுக்கு?

தொப்பிக்காரர்: பதினாலு.

கண்ணாடிக்காரர்: இருபது.

தொப்பிக்காரர்: பதினாலு வந்தா பதினாலு. இல்லாட்டி இருபது.

பைக்காரப் பெண்: ரெண்டுமே இந்த வழியா வராதே?

கண்ணாடிக்காரர்: அதான் இவ்வளவு நேரமாக் காணோம் போல.

பைக்காரப் பெண்: நல்ல ஆளுங்கதான். ரிட்டயர் ஆனவங்களா? என்ன வேலை பார்த்தீங்க?

கண்ணாடிக்காரர்: நானா... ரெண்டு பக்கமும் பேசறதைக் கேட்கற வேலை.

தொப்பிக்காரர்: நான்... ஆள் தேடற வேலை.

பைக்காரப் பெண்: ஓ, கல்யாணத் தரகரா?

தொப்பிக்காரர்: ஆங்... அப்படித்தான் வெச்சுக்கயேன். ஆள் கிடைச்சா கொண்டுபோய் இவர் முன்னாடி நிறுத்துவேன்.

பைக்காரப் பெண்: இவரு?

தொப்பிக்காரர்: எத்தனை வருஷம்னு இவர்தான் சொல்லுவார்.

கண்ணாடிக்காரர்: ஜாதகம்! ஜாதகம் பார்த்துச் சொல்லுவேன். நீ பேசாம இரு தம்பி. உனக்கு எங்கம்மா போகணும்?

பைக்காரப் பெண்: எதிர்ல இருக்கே, அங்கதான்.

தொப்பிக்காரர்: அங்கயா! அப்போ போக வேண்டியதுதானே? கேட் திறந்துதானே இருக்கு?

பைக்காரப் பெண்: திறந்துதான் இருக்கு. கால்தான் திரும்பிடுது. மூணு தடவை வந்துட்டேன்.

கண்ணாடிக்காரர்: ஏம்மா? யாராவது திட்டினாங்களா?

பைக்காரப் பெண்: சேச்சே. ஆனா உள்ளே யார் யார் இருக்காங்கன்னு பார்த்தீங்களா? ஜட்ஜு, போலீசு, டாக்டரு. இந்த மூணு பேர்ல ஒருத்தர் முன்னாடி நின்னாலே நம்ம ஜனங்களுக்கு நாக்கு ஒட்டிக்கும். மூணு பேரையும் ஒண்ணா மேடை ஏத்தி உட்கார வெச்சா யாரு வாயைத் திறப்பா?

தொப்பிக்காரர்: நல்ல போலீஸ்காரனும் இருப்பான்மா.

பைக்காரப் பெண்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

தொப்பிக்காரர்: மாப்பிள்ளை பார்த்திருக்கேன்ல... ரெண்டு மூணு பேரு. தங்கமானவங்க.

கண்ணாடிக்காரர்: ஜட்ஜுகூட ரொம்ப நியாயமானவர்னு கேள்வி.

தொப்பிக்காரர்: யார் சொன்னது? நான் கேள்விப்பட்டது வேற. ரொம்ப சிடுசிடுப்பாம். யாராவது தும்மினாக்கூட அனுமதி வாங்கிட்டுத் தும்மணுமாம்.

கண்ணாடிக்காரர்: தம்பி, உன் பஸ் வருது. ஏறு.

தொப்பிக்காரர்: அது பால் வண்டிண்ணே.

பைக்காரப் பெண்: ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்களா? இப்படி அடிச்சுக்கறீங்களே!

கண்ணாடிக்காரர்: வந்து சேர்ந்துக்கிட்டோம். அதை விடு. உனக்கு என்ன கஷ்டம்? சொல்றதுன்னா சொல்லு. முதல்ல... சம்பவம் நடந்த தேதி?

தொப்பிக்காரர்: அண்ணே!

கண்ணாடிக்காரர்: ஆங்... உன் இஷ்டத்துக்கு, எங்கிருந்து வேணா ஆரம்பிம்மா.

பைக்காரப் பெண்: நான் துணிக்கடையில விக்கறவ. மூணாவது மாடி, சின்னப் பிள்ளைங்க துணி. காலையில கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கற வரைக்கும் நிக்கணும். உட்காரக் கூடாது.

தொப்பிக்காரர்: கூட்டம் இல்லாதப்பகூடவா?

பைக்காரப் பெண்: கூட்டம் இல்லாதப்பதான் கண்டிப்பா நிக்கணுமாம். வாடிக்கையாளர் ஏறி வரும்போது ஆள் உட்கார்ந்திருந்தா கடைக்கு மரியாதை இல்லையாம். நாற்காலி நிறைய இருக்கு. எல்லாம் வாங்க வர்றவங்களுக்கு. நாங்க சுவர்ல சாய்ஞ்சாகூட கேமராவில பார்த்து மைக்குல கூப்பிடுவாங்க. "மூணாவது மாடி, சுவர் விழுந்துடாது, நீ பிடிச்சுக்க வேண்டாம்"னு.

தொப்பிக்காரர்: எவன் அவன்? பேரைச் சொல்லு!

கண்ணாடிக்காரர்: உட்காரு தம்பி... நீ சொல்லும்மா.

பைக்காரப் பெண்: ராத்திரி வீட்டுக்குப் போனா கால் ரெண்டும் வீங்கி இருக்கும். நரம்பு சுருட்டிக்கிட்டு பச்சையா நிக்குது. என் வீட்டுக்காரர் வாளியில வெந்நீர் வெச்சுக் கொடுப்பார். அது பரவாயில்லை, எனக்குப் பழகிடுச்சு. ஆனா என்கூட ஒரு பொண்ணு நின்னா... நாங்க அவளைச் சிட்டுன்னு கூப்பிடுவோம். வயித்துல ஏழு மாசம். போன வாரம் தலை சுத்துதுன்னு துணிக்கட்டு மேல ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டா.

கண்ணாடிக்காரர்: ம்...

பைக்காரப் பெண்: மறுநாள் வேலை இல்லைன்னுட்டாங்க. "வீட்டுலயே போய் உட்காரு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அவ அழலை. எனக்குத்தான் வயிறு எரியுது. அவ புருஷனுக்கும் இப்ப வேலை இல்லை. பிரசவத்துக்கு என்ன பண்ணுவா? அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கணும். எங்களுக்கு ஆளுக்கொரு ஸ்டூல். வேற எதுவும் கேட்கலை.

தொப்பிக்காரர்: சாட்சி யாரும்மா?

பைக்காரப் பெண்: மாடியில நிக்கற ஒன்பது பேரும் சொல்லுவாங்க. நான் முதல்ல வாயைத் திறந்தா.

தொப்பிக்காரர்: எனக்குத் தெரியும்மா அந்தக் கால் வலி. சின்ன வயசுல நாலு ரோடு சேர்ற இடத்துல வெயில்ல நின்னிருக்கேன். பூட்ஸைக் கழட்டினா சாக்ஸோட தோலும் வரும்.

பைக்காரப் பெண்: கல்யாணத் தரகருக்கு எதுக்குங்க பூட்ஸ்?

தொப்பிக்காரர்: அது... அந்தக் காலத்துல மாப்பிள்ளை வீட்டுக்கு நடந்தே போகணும்ல.

பைக்காரப் பெண்: ஜாதகக்காரரும் நின்னு வேலை பார்த்தவர்தானா?

கண்ணாடிக்காரர்: இல்லைம்மா. நான் ஆயுசு பூரா உட்கார்ந்தே வேலை பார்த்தவன். எதிர்ல வந்தவங்க எல்லாரும் நின்னாங்க. அவங்களுக்குக் கால் வலிக்கும்னு எனக்கு ஒரு நாள்கூடத் தோணலை. வெட்கமா இருக்கு.

தொப்பிக்காரர்: அண்ணே... அப்போ அந்த நாற்காலிங்க?

கண்ணாடிக்காரர்: நான்தான் எடுக்கச் சொன்னேன். போதுமா? எதிர்ல யாராவது உட்கார்ந்திருந்தா எனக்கு விசாரணை மாதிரியே தெரியலை. பெயிண்டும் இல்லை, ஒண்ணும் இல்லை.

பைக்காரப் பெண்: எந்த நாற்காலி?

தொப்பிக்காரர்: அது எங்க வீட்டு விஷயம்மா.

பைக்காரப் பெண்: நான் கேட்க வந்ததை இன்னும் கேட்கலையே. நான் புகார் கொடுத்தா என் வேலையும் போயிடுமா? மறைக்காம சொல்லுங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க படிக்குது.

தொப்பிக்காரர்: எவன் கை வைக்கறான்னு பார்க்கறேன்! நானே அந்தக் கடை வாசல்ல...

கண்ணாடிக்காரர்: நீ மீசையை முறுக்காதே. இதை நிதானமாத்தான் சொல்லணும். அம்மா, புகார் கொடுத்ததுக்காக வேலையை விட்டு எடுத்தா அது தனிக் குத்தம். முதல் நாளே கடைக்கு அதைச் சொல்லி உத்தரவு போகும். ஒன்பது பேரும் சேர்ந்து சொன்னா இன்னும் பலம். சிட்டுவை எடுத்தது அப்பட்டமான தப்பு. சும்மா விட மாட்டேன்... மாட்டாங்க. உள்ளே இருக்கறவங்க.

பைக்காரப் பெண்: நிஜமாவா?

கண்ணாடிக்காரர்: ஜாதகம் பார்த்துச் சொல்லலை. நிஜமாத்தான்.

பைக்காரப் பெண்: இப்பதான் நெஞ்சுல இருந்த பாரம் இறங்கின மாதிரி இருக்கு.

தொப்பிக்காரர்: அப்போ எழுந்திரும்மா. உள்ளே போகலாம். நாங்களும் கூட வர்றோம்.

பைக்காரப் பெண்: உங்க பஸ்?

கண்ணாடிக்காரர்: பஸ் கிடக்கட்டும். வந்து... அம்மா, நீ கோபப்படக் கூடாது. நாங்க உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லலை. தம்பி, நீங்க சொல்லுங்க.

தொப்பிக்காரர்: தலைவர் நீங்கதானே, நீங்களே சொல்லுங்கய்யா.

கண்ணாடிக்காரர்: மறுபடியும் 'ஐயா'! போட்டு உடைச்சாச்சு.

பைக்காரப் பெண்: பரவாயில்லைங்கய்யா. கேட்ல இருக்கற படத்தை மூணு தடவை நின்னு பார்த்தவ நான். படத்துல இவருக்குத் தொப்பி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தொப்பிக்காரர்: அடிப்பாவி! தெரிஞ்சேதான் என்னைக் கல்யாணத் தரகர்னு சொன்னியா?

பைக்காரப் பெண்: நீங்க ஒத்துக்குவீங்கன்னு நான் எதிர்பார்க்கலைங்க.

கண்ணாடிக்காரர்: நல்லா மாட்டினோம்! ஆனா ஏம்மா, எங்களைத் தெரியும்னா... டாக்டரம்மா உள்ளேதானே இருக்காங்க. நேரா போயிருக்கலாமே? இந்த பெஞ்சுக்கு எதுக்கு வந்தே?

பைக்காரப் பெண்: மூணாவது தடவை உங்க ஹால் வரைக்கும் வந்தேங்கய்யா. எதிர்ல உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. நிக்க முடியலைங்கறதையும் நின்னுக்கிட்டேதான் சொல்லணுமான்னு திரும்பிட்டேன். இன்னைக்கு நீங்களே வெளியே வந்து பெஞ்சுல உட்கார்ந்திருந்தீங்க... உடனே அவளுக்கும் போன் பண்ணிட்டேன். அந்த வர்ற பஸ்ஸுலதான் சிட்டு வர்றா. கொஞ்சம் தள்ளி உட்காருங்கய்யா, அவ உட்காரட்டும்.