ரோடு திரும்பிய இடம்

முனியப்பன்: அக்கா... சுவரு எங்க?

செங்கம்மா: வாடா முனியப்பா, வா! வாசப்படியத் தேடாத, அதுவும் போயிடுச்சு. அப்படியே ஏறி வந்துடு.

முனியப்பன்: சுவரு எங்கன்னு கேக்கறேன்.

செங்கம்மா: அதோ, ஓரமா செங்கல்லு அடுக்கி வெச்சிருக்குது பாரு. அதான் சுவரு. உக்காரு. அந்த பெஞ்சுல இல்ல, அது ஆடும்... இந்தப் பக்கம். பள்ளிப்பட்டுல இருந்து எப்பக் கெளம்பின? புத்தூர் வந்து ரயில் புடிச்சியா?

முனியப்பன்: ரயில் தான். பேச்ச மாத்தாத. எங்க அக்கா திருப்பதில யுனிவர்சிட்டி பக்கத்துல மெஸ்ஸு நடத்துறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கேன். வந்து பாத்தா முன்பக்கம் பூரா ஆகாசம் தெரியுது!

செங்கம்மா: நல்லாக் காத்து வருதுடா.

முனியப்பன்: சிரிக்காதக்கா. நானும் மாமாவும் சேந்து எழுப்பின சுவரு அது. நான் மண்ணு கொழச்சேன், அவரு கல்லு வெச்சாரு.

செங்கம்மா: நீ கொழச்ச பக்கம் தான் மொதல்ல விழுந்துது.

முனியப்பன்: யாரு இடிச்சது?

செங்கம்மா: யுனிவர்சிட்டில புதுசா ஆராய்ச்சிக் கட்டடம் எழும்புது, பாத்த இல்ல? அதுக்கு ரோடு வேணுமாம். பெரிய பெரிய மிஷினெல்லாம் லாரில வரப்போவுதாம்...

முனியப்பன்: ரோடு கெடக்கட்டும். கடப்பாரையப் புடிச்ச கை யாரு கை?

செங்கம்மா: உங்க மாமா கை.

முனியப்பன்: எந்த மாமா?

செங்கம்மா: ஏன்டா, எனக்கு எத்தனை புருஷன்? கன்னையா மேஸ்திரி தான். அந்த ஆராய்ச்சிக் கட்டடத்துக்கும் அவரு தான் மேஸ்திரி. காலையில இடிச்சாரு, மத்தியானம் அங்க போய் கட்டினாரு.

முனியப்பன்: மெரட்டினாங்களா?

செங்கம்மா: யாரு?

முனியப்பன்: ஆபீஸருங்க. தமிழ்க்காரி தானே, கேக்க ஆள் இல்லன்னு... சொல்லுக்கா. ஏப்ரல் மாசத்துல இருந்து நம்ம ஊரு ஆந்திராவ உட்டுப் பிரிஞ்சு மெட்ராஸ் ஸ்டேட்டு. நான் பள்ளிப்பட்டுல ஒரு குரல் குடுத்தா போதும், நாப்பது பேரு ரயிலேறி வருவான்.

செங்கம்மா: வரட்டும். சோறு போட்டு அனுப்பறேன். இந்தா, தண்ணி குடி.

முனியப்பன்: வேணாம். நானே கூஜாவுல கொண்டாந்துருக்கேன்.

செங்கம்மா: எதுக்குடா?

முனியப்பன்: எல்லைப் போராட்டத்துல மேடையில சொல்லிட்டேன்... இனிமே ஆந்திராத் தண்ணியத் தொடமாட்டேன்னு.

செங்கம்மா: அட! அப்ப இந்த இட்லி? மாவு எந்தத் தண்ணில ஆட்டினதாம்?

முனியப்பன்: இட்லி... இட்லியப் பத்தி மேடையில ஒண்ணும் சொல்லல. வையி.

செங்கம்மா: துன்னு, துன்னு. பசியில மூஞ்சி எப்படி வாடிக் கெடக்குது பாரு. ஏன் தெருப் பக்கமே பாத்துக்கினு இருக்கற? யாராவது வராங்களா?

முனியப்பன்: யாரும் இல்ல... சரி, கேளு. நீ பொட்டி கட்டு. நம்ம வூட்டுக்கு மேலண்ட உனக்கும் மாமாவுக்கும் ஒரு ரூம்பு கட்டி வெச்சிருக்கேன். ஊருக்கே வந்துடுங்க.

செங்கம்மா: ரூம்பா? எனக்கா?

முனியப்பன்: ஓடு போட்ட ரூம்பு. ஜன்னலு கூட இருக்குது.

செங்கம்மா: ஜன்னலு எந்தப் பக்கம் பாத்த மாதிரி?

முனியப்பன்: ஜன்னலு வந்து... கெழக்க... இல்ல, வடக்க.

செங்கம்மா: ம்ம்... நான் வரலடா.

முனியப்பன்: சுவரே இல்லாத எடத்துல இன்னா பண்ணப் போற? உன் கண்ணு முன்னாடி இதுமேல லாரி போவும். பாத்துக்கினே இருப்பியா?

செங்கம்மா: ஆமா. பாத்துக்கினு தான் இருப்பேன். மொத லாரிக்கு நானே தேங்கா ஒடைப்பேன்.

முனியப்பன்: உனக்குப் பித்து புடிச்சிருச்சு.

செங்கம்மா: டேய், நாங்க வந்தப்ப இங்க இன்னா இருந்துது? காரை முள்ளும் கல்லும். சாயங்காலமானா நரி. உங்க மாமா மொத கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டறப்ப நான் இந்த எடத்துல மூணு கல்லு வெச்சு ஆளுங்களுக்குக் கஞ்சி காச்சினேன். இன்னிக்குப் பாரு... லேபு, லைப்ரரி, ஆஸ்டலு. இந்த ஒலகத்துலயே யாருக்கும் தெரியாத ஒண்ண இங்க ஒருத்தன் கண்டுபுடிக்கப் போறான். அவன் வயித்துல என் சோறு இருக்கும். பள்ளிப்பட்டுல ஜன்னலோரமா உக்காந்தா எனக்கு அது கெடைக்குமா?

முனியப்பன்: அவ்ளோ பெரிய படிப்பு படிச்சவங்க உன் மெஸ்ஸு மேலயா ரோடு போடணும்? பக்கத்துல எடமே இல்லியா?

செங்கம்மா: ...இன்னொரு இட்லி வெக்கட்டுமா?

முனியப்பன்: பதில் சொல்லுக்கா.

செங்கம்மா: சாம்பார் ஆறிப் போவுது.

ஞானசிங்: அக்கா! மேஸ்திரி கேக்கச் சொன்னாரு. அடுப்ப எந்த மூலையில வெக்கறதாம்? அங்க கூரை போட்டாச்சு... ஓ, விருந்தாளியா? வணக்கம்யா.

செங்கம்மா: என் தம்பி, முனியப்பன். முனியப்பா, இது ஞானசிங்கு. நம்ம சித்தூரு மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரு புள்ள. இங்க செடி கொடி ஆராய்ச்சி பண்ணுது. வேர்க்கடல செடிய வெச்சுக்கினு பூதக்கண்ணாடில பாத்துக்கினே இருக்கும்.

முனியப்பன்: வேர்க்கடலையா?

ஞானசிங்: ஆமாங்கய்யா. இலைல கருப்பாப் புள்ளி வருதில்ல... அது எங்க இருந்து வருது, எப்படிப் பரவுதுன்னு பாக்குறோம்.

முனியப்பன்: அதப் பாக்கற எடம்... இதுதானா? இதே தானா?

செங்கம்மா: ஏன்டா அப்படிக் கேக்கற?

முனியப்பன்: சும்மா. ரெண்டு வருசமா என் வேர்க்கடலக் காட்ட அந்தப் புள்ளி தான் துன்னுது... தம்பி, எந்தக் கூரை? எந்த அடுப்பு?

செங்கம்மா: சிங்கு, நீ போய் மேஸ்திரி கிட்ட தென்கெழக்கு மூலைன்னு சொல்லு. போ, போ.

ஞானசிங்: புது மெஸ்ஸுங்கய்யா! அதோ பின்னால குடிசைங்க தெரியுதில்ல, அந்த வரிசைக் கடைசில. அங்க இருக்கறவங்களே சேந்து கட்டுறாங்க. வேலை முடிஞ்சு வந்து, அவங்க வீட்டுச் சுவரு மாதிரிக் கட்டுறாங்க. பசங்க நாங்க செங்கல் தூக்கினோம். என் கையப் பாருங்க...

முனியப்பன்: அவங்க எதுக்கு இவளுக்குக் கட்டணும்?

ஞானசிங்: அக்கா சொல்லலியா?

செங்கம்மா: சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. போன்னா போ, சிங்கு.

முனியப்பன்: நீ இருப்பா. உக்காரு. சொல்லு.

ஞானசிங்: அக்கா மொறைக்கறாங்க...

முனியப்பன்: அவ மொறைப்ப நான் பொறந்ததுல இருந்து பாக்கறேன். நீ சொல்லு.

ஞானசிங்: ரோடு மொதல்ல இங்க வர்றதா இல்லீங்கய்யா. அந்தக் குடிசைங்க மேல தான் போட்டிருந்தாங்க. கல்லு தூக்குறவங்க, சாந்து கலக்குறவங்க... இந்த யுனிவர்சிட்டியையே கட்டினவங்க வீடுங்க அது. ஒரு நாள் நாங்க இங்க சாப்டுக்கிட்டு இருக்கோம், இஞ்சினீயர் வந்து முளைக்குச்சி அடிச்சு கயிறு கட்டிட்டாரு. கயிறு அங்க சாந்து கலக்குற சந்திரம்மா வீட்டுக்கு நடுவுல போவுது. அந்தம்மாவுக்கு நெறமாசம். வாசல்ல நின்னு அந்தக் கயித்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. சத்தம் போடல, அழல.

செங்கம்மா: கட்டினவங்களுக்கே எடம் இல்லன்னா எப்படிடா? நீயே சொல்லு.

ஞானசிங்: நம்ம அக்கா கரண்டியோட எழுந்து போனாங்க. இஞ்சினீயர் கிட்ட தெலுங்குல கேட்டாங்க, "பாபு, இந்தக் கயித்தக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளினா இன்னா ஆவும்?" அவரு சிரிச்சாரு. "தள்ளலாம்மா. தள்ளினா உன் மெஸ்ஸு மேல போவும்"னாரு.

முனியப்பன்: அப்புறம்?

ஞானசிங்: "போவட்டும்"னாங்க. அவரு நம்பல. "யோசிச்சுச் சொல்லும்மா, வீட்ல கேட்டுட்டு வா"ன்னாரு. அக்கா குனிஞ்சு அந்த முளைக்குச்சியப் புடுங்கி எடுத்துக்கிட்டு வந்து, இதோ, இங்க வாசப்படி இருந்துதில்ல... அதுக்கு முன்னாடி நட்டாங்க. கரண்டியாலயே அடிச்சு எறக்கினாங்க.

செங்கம்மா: கரண்டி வளைஞ்சு போச்சு. அத யாரும் சொல்றதில்ல.

ஞானசிங்: மேஸ்திரி சாயங்காலம் வந்து பாத்தாரு. குச்சியப் பாத்தாரு, அக்காவப் பாத்தாரு. "சரி, எப்ப இடிக்கணும்?"னு மட்டும் கேட்டாரு. இப்ப நம்ம ரோடு அந்தக் குடிசைங்களச் சுத்தி வளைஞ்சு போவுது. வரைபடத்துல பாத்தீங்கன்னா அந்த வளைவு நல்லாத் தெரியும். பசங்க அதுக்கு செங்கம்மா திருப்பம்னு பேர் வெச்சுட்டானுங்க. சரிக்கா, நான் தென்கெழக்குன்னு சொல்லிட்டு வந்துடறேன்.

செங்கம்மா: போ. வாய வெச்சுக்கினு சும்மா இருக்கத் தெரியாது உனக்கு. முனியப்பா, திட்டறதா இருந்தா திட்டிடு. பைத்தியக்காரின்னு சொல்லுவேன்னு தான் சொல்லல.

முனியப்பன்: சந்திரம்மாவுக்கு... கொழந்த?

செங்கம்மா: பொண்ணு. அதே வூட்ல தான் பொறந்துது.

முனியப்பன்: தண்ணி குடு.

செங்கம்மா: கூஜா உன் பக்கத்துல தானே...

முனியப்பன்: உன் தண்ணியக் குடுக்கா.

செங்கம்மா: ...இந்தா. மெதுவா. பொறையேறப் போவுது.

முனியப்பன்: ரயிலு முன்னாடி படுத்தேன். ஜெயிலுக்குப் போனேன். எல்லைய நகத்தினவன்னு ஊர்ல எனக்கு மாலை போட்டாங்க. நானும் மூணு மாசமா நெஞ்ச நிமித்திக்கினு திரியறேன். நீ ஒரு குச்சியப் புடுங்கி நட்டுட்டு, சத்தமே இல்லாம சாம்பார் காச்சிக்கினு இருக்க... இவ எங்க அக்காடான்னு இந்தத் தெருவுல நின்னு கத்தணும் போல இருக்குது.

செங்கம்மா: கத்தாத. கிளாசு நடக்குது.

முனியப்பன்: நம்ம நைனா உசுரோட இருந்தா...

செங்கம்மா: இருந்தா கடப்பாரைய வாங்கி அவரும் ரெண்டு போடு போட்டிருப்பாரு. சரி, கண்ணத் தொடை. சிங்கு வந்துடும்.

முனியப்பன்: அக்கா, இந்தத் தம்பி பண்ற ஆராய்ச்சி இருக்குதே... அதுல பொம்பளைப் புள்ளைங்களச் சேப்பாங்களா?

செங்கம்மா: சேப்பாங்களே. போன வருசம் ரெண்டு பொண்ணுங்க வந்துதுங்க. மொதல்ல எம்.எஸ்ஸி. படிக்கணும், அப்புறம் ஆராய்ச்சி. ஏன்?

முனியப்பன்: மெட்ராஸ் ஸ்டேட்டுப் பொண்ணுன்னா? வெளியூரு, போன்னு சொல்லிடுவாங்களா?

செங்கம்மா: மார்க்கத் தான் கேப்பாங்க. ஏன்டா?

முனியப்பன்: அவங்க அப்பன் கருப்புக்கொடி புடிச்சவனா இருந்தா?

செங்கம்மா: அத எவன் கேக்கறான்? டேய்... இரு. வந்ததுல இருந்து தெருவத் தெருவப் பாக்கற. வேர்க்கடலன்னதும் ரெண்டு தரம் கேட்ட. உன் பொண்ணு வள்ளிநாயகி வேலூர்ல பி.எஸ்ஸி. முடிச்சுட்டா இல்ல?

முனியப்பன்: முடிச்சுட்டா. காலேஜுலயே மொதல்ல வந்தா.

செங்கம்மா: அடி என் தங்கமே! அத வாசப்படியிலயே சொல்றதுக்கு இன்னாடா?

முனியப்பன்: வாசப்படி எங்க இருந்துது?

செங்கம்மா: வெளையாடாத. இன்னா சொல்றா என் மருமவ?

முனியப்பன்: புள்ளி வந்த செடியக் கையில புடிச்சுக்கினு வந்து நின்னா. "இதப் படிக்கற எடம் திருப்பதில இருக்குது, அங்க சேத்து உடு"ன்னா. நான் குதிச்சேன். ஆந்திரா வேணாம்னு ஜெயிலுக்குப் போனவன் பொண்ணு அங்க போய்ப் படிக்கறதா, ஊருல எந்த மூஞ்சிய வெச்சுக்கினு நடக்கறதுன்னேன். அதுக்கு அவ சொல்றா, "நீ கேட்டது ஊரு, கெடைச்சிருச்சு. நான் கேக்கறது படிப்பு, நைனா. அதுக்கு எந்தப் பக்கம் எல்லை?"

செங்கம்மா: நீ இன்னா சொன்ன?

முனியப்பன்: அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. கோவமா, சந்தோசமான்னு தெரியல. உன்ன மாதிரியே பேசறா.

செங்கம்மா: அப்ப உடனே கூட்டிக்கினு வாடா! என்கூடவே இருக்கட்டும். புது மெஸ்ஸுல உள் ரூம்பு இருக்குது. அட்மிஷனுக்கு நாள் நெருங்கிடுச்சு. இன்னிக்கே ரயிலேறிப் போய் அவள அழைச்சுக்கினு... ஏன்டா நெளியற?

முனியப்பன்: அக்கா... ரூம்பு கட்டினேன்னு சொன்னது பொய்யி. நான் உன்ன ஊருக்குக் கூட்டிக்கினு போக வரல. அவ ரயிலடியில, பொம்பளைங்க உக்கார்ற ரூம்புல, பொட்டி மேல உக்காந்துக்கினு இருக்கா. "நீ போய்க் கேளு நைனா, உனக்கு வெக்கமா இருந்தா நானே வந்து அத்தைகிட்ட கேக்கறேன்"னு சொல்லி என்னத் தள்ளி உட்டுட்டா.