பேர்சொல்லாமுக்கு

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வேலிமறிச்சான்னு ஒரு ஊரு. அங்க தண்டோரா போடுதவரு இசக்கிமாடன். அவரு தொண்டையத் தொறந்தா குளத்துக்கு அந்தப் பக்கம் உழுதவனுக்கும் கேக்குமாம்.

ஒரு கோடையில பேதி வந்துது. வாந்தி, பேதி, சாவு. சர்க்கார் டாக்டரு வந்து எந்தெந்த வீட்டுல நோவுன்னு விசாரிச்சுக்கிட்டிருந்தாரு. கிராம முன்சீப்பு ஆவுடைநாயகம் மாடனைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "ஏல மாடா, டாக்டருக்கு மட்டும் தெரிஞ்சாப் போதாது. பேரைச் சொல்லிக் கொட்டு. ஊரு ஒதுங்கிக்கிடட்டும்."

மாடனுக்கும் அது நியாயமாத்தான் பட்டுது. முச்சந்தியில நின்னு கொட்டுனாரு: "பேராச்சி வீட்டுல பேதி! யாரும் போவாதீய!"

ஒதுங்குனாப் பரவாயில்ல. சனம் முள்ளை வெட்டிக் கொண்டாந்து அவ வாசலையே அடைச்சிட்டு. மறுநா மாடன் அந்த வழியா போறாரு. உள்ள பேராச்சி, "தண்ணி... ஒரு வாய் தண்ணி"ங்கா. வெறுங்கையால முள்ளை இழுத்துப் போட்டாரு. கையெல்லாம் ரத்தம். அவ பொழைச்சா. அவ புருசன் பொழைக்கல.

அதுக்கப்புறம் ஊரே நோவை ஒளிச்சுது. நெல்லுக் குதிருக்குப் பின்னால பிள்ளையப் படுக்கப்போட்டுட்டு, "இங்க ஒண்ணுமில்லையே"ன்னு டாக்டருட்ட சொல்லிச்சு. ஒளிச்ச வீட்டுலயெல்லாம் ஒப்பாரி.

மாடன் நேரா முன்சீப்பு வீட்டுக்குப் போயி தண்டோராவை இறக்கி வச்சாராம். "இனி இந்த வாய் யாரு பேரையும் சொல்லாது அய்யா."

"அப்பம் ஊரைவிட்டுப் போயிருல!"

மூட்டையக் கட்டிட்டாரு மாடன். கெளம்புத நேரத்துல முன்சீப்பே ஓடி வாராரு. மேல்துண்டு இல்ல, மூச்சு வாங்குது.

"மாடா, என் மவளுக்கும் பேதி கண்டுட்டு. வெளிய தெரிஞ்சா..."

"தெரியாது அய்யா. உங்க மவ பேரையும் சொல்லமாட்டேன், இன்னொருத்தி பேரையும் சொல்லமாட்டேன். ஆனா டாக்டருக்குத் தெரியணும். அவரு எல்லா வீட்டுக்கும் போவட்டும். எந்த வீட்டுல நோவுன்னு அவரு வாயும் தொறக்கப்படாது. ஒரு வாசல்லயும் முள்ளு விழப்படாது. இத உத்தரவாச் சொல்லுவியளா?"

முன்சீப்பு தன் வீட்டுல கெடந்த தண்டோராவை எடுத்தாந்து மாடன் கையில குடுத்தாரு. "அப்படியே கொட்டு, மாடா"ன்னாராம்.

மாடன் கொட்டுனாரு பாருங்க! "இனி பேரு கெடையாது! டாக்டரு எல்லாப் படியும் ஏறுவாரு! ஒளிக்காதீய! முள்ளு வச்சவன் முன்சீப்புக்குப் பதில் சொல்லணும்! தண்ணியக் காய்ச்சிக் குடிங்க!"

ஒவ்வொரு கதவாத் தொறந்துது. குதிருக்குப் பின்னால கெடந்த பிள்ளையெல்லாம் வெளிய வந்துதுவ. பேராச்சி வீடு வீடாக் காய்ச்சுன தண்ணி சுமந்தாளாம். முன்சீப்பு மவளும் எந்திரிச்சா. ஐப்பசி மழைக்கு முன்னால பேதி ஊரைவிட்டு ஓடிட்டு.

மாடன் நின்னு கொட்டுன முச்சந்திக்குப் பேர்சொல்லாமுக்குன்னு பேரு. இன்னைக்கும் அங்க நின்னு "யாருக்கு மேலுக்குச் சரியில்ல?"ன்னு எவனும் கேக்கமாட்டான். "என்ன வேணும்?"னுதான் கேப்பான். கொரோனாவுல நோவு வந்த வீட்டு வாசலுக்குத் தகரம் அடிக்க வண்டி வந்துதுல்லா? அந்த முக்குல ஊரே மறிச்சு நின்னுட்டாம். டாக்டரு மட்டும் உள்ள போனாரு. தகரம் வந்த வண்டியிலயே திரும்பிப் போச்சு.