முழங்கையால் கிடைத்த வேலை

சென்னீர்குப்பத்தில் ஆவடி பேருந்து நின்றபோது, முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். இருவரும் மசாஜ் செய்பவர்கள் என்பது பேச்சில்தான் தெரிந்தது.

“இத்தத் தெறந்து குடுக்கா. என் கட்டைவிரல் இன்னிக்கு லீவு.”

மூத்தவள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். “மொதல்ல புது பார்லர்ல ட்ரயல் இன்னா ஆச்சு, சொல்லு.”

“ஓனரம்மாவே வந்து படுத்துகினாங்க. விரல்ல கட்டியிருந்த பட்டையக் கழட்டிப் பையில ஒளிச்சிட்டு, முதுகு முழுக்க முழங்கையாலயே ஓட்டிட்டேன். கொறட்டை வுட்டாங்கக்கா.”

“அப்ப வேலை கெடச்சிட்ச்சு.”

“கெடச்சிட்ச்சு. எழுந்து, ‘உன் அழுத்தம் சூப்பர்மா, உன்னப் பாத மசாஜுக்குப் போடறேன்’னாங்க.”

மூத்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். “பாதம் ஃபுல்லா கட்டைவிரல் வேலையாச்சேடி!”

“அதான். நல்லா நடிச்சி நானே மாட்டிகினேன். டாக்டர் வேற, இனிமே விரல்ல அழுத்தனா ஆப்பரேசன்தான்னுட்டாரு.”

“வேணாம்னு சொல்ல வேண்டிதானே?”

“எங்க ஊட்ல சம்பாரிக்கிற கை இது ஒண்ணுதான். நாளைக்கே வரேன்னுட்டேன்.”

மூத்தவள் மூடியைத் திருகினாள். அசையவில்லை. துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். பிறகு மணிக்கட்டை உதறிக்கொண்டே பாட்டிலை நடத்துநரிடம் நீட்டினாள்.

அவர் ஒரே திருகில் திறந்தார். “ரெண்டு பேர் கீறீங்க, ஒரு மூடி தெறக்க முடில. இன்னா வேலை பாக்குறீங்க?”

“கை வலின்னு வர்றவங்களுக்குப் புடிச்சி வுடறோம், அண்ணாத்தே” என்றாள் இளையவள்.