வலது கன்னம்

— இந்தக் காலத்துல துணி துவைக்கக்கூட டாக்டரைக் கேக்கணும். உன் மாமியா வரிசையா பெத்தா. எந்த டாக்டர் வந்து வாளிய எட்டிப் பாத்தான்?

— அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான் தாத்யா. குழந்தைத் துணிக்கு அந்த வாசனைத் தண்ணி வேண்டாம். இந்தப் போர்வை முனையைப் பிடிங்க, முறுக்கிப் பிழியணும்.

— மாமனாரை வேலை வாங்கற.

— வாய்தானே வேலை செய்யுது, கை சும்மாதானே இருக்கு. இறுக்கிப் பிடிங்க. அம்மாம் பெரிய மாந்தோப்பை ஒத்தை ஆளா பாக்கறீங்க, கைக்குழந்தை போர்வைகிட்ட தோத்துப் போறீங்களே.

— போர்வையா இது? நேத்து காஞ்சதைத் தொட்டுப் பாத்தேன். அப்பளம். உடைச்சுச் சாப்பிடலாம். சாரிகா மும்பையிலேருந்து ஆசையா பாட்டில் அனுப்பினா, துணி பஞ்சு மாதிரி ஆகும்னு. பெத்த பொண்ணு அனுப்பினதைத் தூக்கிப் பரண்ல போட்டுட்ட.

— அதைப் போட்டா துணி மேல வழவழன்னு ஒரு பூச்சு ஒட்டிக்குது. போன மாசம் பாத்தீங்கல்ல, இடுப்புத் துணியில ஈரமே இறங்கல. தாமரை இலையில ஓடற மாதிரி ஓடி, நேரா உங்க பிள்ளை மடியில இறங்குச்சு.

— சுஹாசுக்கு நல்லா வேணும்.

— இப்ப உதறுங்க. பலமா. நூல் நிமிரணும். பாதி காஞ்சதும் கையால கசக்கி இன்னொரு உதறு. போர்வை தானா மெத்துனு ஆயிடும். நேத்து நீங்க தொட்டது உதறாத போர்வை.

— இந்த மழையில பாதிகூட காயாது.

— வெயில் தலைகாட்டற வரைக்கும் தாழ்வாரக் கொடியில கிடக்கட்டும். காட்டலைன்னா மூங்கில் கூடையைக் கவுத்து, உள்ள புகையில்லாத தணல், மேல போர்வை.

— எந்தக் கூடை?

— நீங்க கோழி அடைச்சு வச்சிருந்தீங்களே, அதேதான். நாத்தம் போகத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை தேஞ்சு போச்சு.

— என் கோழி எங்க?

— தோட்டத்துல உங்களைத் திட்டிட்டு இருக்கு. தாத்யா, ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லணும். பரண்ல வச்ச பாட்டில்ல பாதியைக் காணோம்.

— எலி.

— குடிச்சிட்டு மூடியையும் திருகி வச்சிட்டுப் போச்சாக்கும்.

— இப்ப எலிங்க எல்லாம் செய்யும்.

— குழந்தைத் துணியில ஊத்தினீங்களா?

— ரவளநாதர் மேல சத்தியம். அவன் துணியில ஒரு சொட்டு ஊத்தல.

— நம்பறேன். அதான் குழப்பமே. பூந்திக்கொட்டை ஊற வச்ச தண்ணியிலதான் துவைக்கறேன், நுரை போற வரைக்கும் அலசறேன். உடம்புல இருந்த தடிப்பெல்லாம் ஆறிடுச்சு. வலது கன்னம் மட்டும் சிவந்து செதில் செதிலா இருக்கு. தேய்ச்சுத் தேய்ச்சு அழறான். நாளைக்கு சாவந்த்வாடியிலேருந்து அம்மா வராங்க. கன்னம் இப்படியே இருந்தா எங்களைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்.

— போங்க. வீடு அமைதியா இருக்கும். பல்லு முளைக்காத எதையும் நான் தூக்கறதில்ல, உனக்கே தெரியும். எனக்கென்ன.

— தெரியுமே. ஊருக்கே சொல்லி வச்சிருக்கீங்களே.

— எத்தனை நாளைக்கு?

— மழை விடற வரைக்கும்.

— தீபாவளியே வந்துடும்.

— வரட்டுமே.

— உங்கம்மா வீட்டுல கூரை ஒழுகுமே.

— ஓடு மாத்தியாச்சு. ஏன் கை தளர்ந்துடுச்சு? போர்வை தரையில தொங்குது பாருங்க.

— தளரல. வழுக்குது.

— தோள்ல என்ன அது, வெள்ளையா? பால் கக்கின மாதிரி.

— காக்கா.

— காக்கா மல்லிப்பூ சென்ட் போட்டுட்டு வந்துச்சா? சட்டை முழுக்க மணக்குது.

— தோப்புல முள்ளுக்குள்ள திரியறவன் சட்டை. சாக்கு மாதிரி இருக்கும். கொஞ்சம் மெத்துனு இருக்கட்டுமேன்னு ஊற வச்சேன். எனக்குத்தான். வயசாச்சு, தோல் மெலிஞ்சு போச்சு.

— உங்க தோலுக்கு. சரி. கழட்டிக் குடுங்க, இதே வாளியில போடறேன்.

— எதுக்கு? வாசனை பட்டாலே கன்னம் சிவக்குமா? அப்ப பூக்காரிக்கெல்லாம் மூஞ்சியே இருக்காதே. டாக்டர் எதையோ சொல்வான், நீயும் தலையாட்டுவ.

— சிவக்குதோ இல்லையோ, ஒரு வாரம் பாத்துடுவோம். அதுவரைக்கும் பொறுங்கன்னு அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.

— பேசுவியா?

— சட்டை வாளிக்குள்ள வந்தா பேசுவேன்.

— இந்தா. பிடி.

— வெறும் உடம்போட எங்க கிளம்பிட்டீங்க? தூறுது.

— தோப்புக்கு. நீ சொன்னதுல ஒரு வார்த்தைகூட நான் நம்பல. எதுக்கும் இன்னொரு தண்ணி சேத்து அலசு. இடது தோள் பக்கம் நல்லா அலசு. அங்க சாஞ்சாத்தான் அவன் தூங்குவான்.