கான்டனீஸ் தெரியாத டீச்சர்

ஆமா, எனக்கு கான்டனீஸ் தெரியும். தெரியுமான்னா கேக்கறீங்க, லாவ் அண்ணே? இதே ஹாங்காங்ல, இதே ஷாம் ஷுய் போ பேட்டையில, உங்க மீன் கடையிலேர்ந்து ரெண்டு தெரு தள்ளிப் பொறந்தவ நான். நீங்க கெண்டைய வெட்டுங்க, நான் சொல்றேன்... அப்படிப் பாக்காதீங்க, கத்தி வேற கையில இருக்கு.

ரெண்டு வருஷமா இங்க நின்னு, மீன் வேணும்னு கையால நீந்திக் காட்டினேனே, அது அத்தனையும் நடிப்பு. செதில் எடுக்கணும்னா என் கையவே சொறிஞ்சு காட்டுவேன். நீங்களும் பாவம், காது கேக்காதவகிட்ட பேசற மாதிரி சத்தமா, மெதுவா சொல்வீங்க.

எல்லாம் ஸ்கூலுக்காகத்தான். இந்தத் தெருவுலயே திரியற என் மூணாங்கிளாஸ் பசங்க, இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை பேசாதுங்க. தப்பாயிடுமோன்னு பயம். நான்தான் பெரிய அதிபுத்திசாலியாச்சே... கனடாவுல பொறந்தேன், கான்டனீஸ் சுத்தமா வராதுன்னு அளந்து விட்டேன். அப்ப என்கிட்ட இங்கிலீஷ்ல பேசித்தானே ஆகணும்? பேசுச்சுங்க. கூடவே என் மூஞ்சிக்கு நேரா என் மூக்கப் பத்தியும் பேசுச்சுங்க, கான்டனீஸ்ல. புரியாத மாதிரி சிரிச்சுக்கிட்டே நிக்கணும். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னா இதான்.

ச்சிங்-யீயத் தெரியுமில்ல, என்கூட வருமே, கண்ணாடி போட்ட பொண்ணு? எட்டு மாசம் கிளாஸ்ல வாயே தொறக்கல. வீட்டு பாஷையிலயே நாலு வார்த்தைக்கு மேல வராது. ஒரு நாள் இங்க நான் நீந்திக்கிட்டிருக்கறதப் பாத்துட்டு, பக்கத்துல வந்து, "டீச்சர், ஐ ஹெல்ப் யூ"ன்னுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அன்னிலேர்ந்து நான் சொல்றத உங்களுக்கு எடுத்துச் சொல்றது அதுதான். இப்ப கிளாஸ்லயும் கை தூக்குது. டீச்சர் பாவம், நாமதான் பாத்துக்கணும்னு நெனப்பு. நான் புளுகினது தெரிஞ்சா மறுபடி வாய மூடிக்கும், அப்பறம் தொறக்கவே தொறக்காது.

நேத்து இங்க ஐஸ் பெட்டி வண்டி ச்சிங்-யீ முதுகுக்கு நேரா வந்துச்சா... கத்திட்டேன். நம்ம பேட்டை கான்டனீஸ்ல, அந்தக் கெட்ட வார்த்தையும் சேத்து. நீங்களே மீனக் கீழ போட்டுட்டீங்க.

அது என்னையே பாத்துச்சு. அப்பறம் இங்கிலீஷ்ல கேக்குது, "டீச்சர், நல்லாப் பேசினீங்க. ஆனா கடைசி வார்த்தை கெட்ட வார்த்தை. அத உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"ன்னு. அவ்வளவு நீளமா அது பேசினதே இல்லண்ணே. நான் என்ன பண்ணுவேன்...

உங்களத்தான் கை காட்டிட்டேன்.

கோவிச்சுக்காதீங்க. டீச்சருக்கு இதையா சொல்லித் தருவாருன்னு உங்ககிட்ட நேர்லயே கேக்கப் போகுதாம். கேக்கட்டும் அண்ணே. வாயே தொறக்காத பொண்ணு... நாலு வார்த்தை திட்டினா தலையக் குனிஞ்சு வாங்கிக்கங்க. சிரிச்சுடாதீங்க. அதோ, வருது. இனிமே நீங்க என்ன சொன்னாலும் எனக்குப் புரியாது.